புது கேம்களும் முன்பின் தெரியாத கூட்டாளிகளும்

கேள்வி: சமீபத்தில் வந்த வீடியோ கேம்களில் உங்களுக்குப் பிடித்தவை எவை? ஆன்லைனில் முன்பின் தெரியாதவர்களோடு ஆடுவது இன்னும் சுகமாக இருக்கிறதா, இல்லை, திட்டு வாங்கத்தான் போக வேண்டுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சுகமாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லா கேமிலும் இல்லை. ஆட வருகிறவர்கள் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள்தான். ஒரு கேமில் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவரே இன்னொரு கேமில் தன்னிடம் மிச்சமிருக்கும் ஒரே மருந்தை உங்களுக்குப் போட்டுவிட்டு ஓடுவார். எல்லாம் கேமை வடிவமைத்தவர்கள் செய்து வைத்த ஏற்பாட்டைப் பொறுத்தது. அடுத்தவர் செத்தால் எனக்கு லாபமா நஷ்டமா, அவரிடம் என்னால் என்ன பேச முடியும், தோற்றால் பழி போட ஆள் இருக்கிறதா: இதையெல்லாம் கொஞ்சம் விசாரித்தால், அந்த கேமின் லாபி, அதாவது ஆட்டக்காரர்கள் கூடுகிற இடம், எப்படி இருக்கும் என்று வாங்கும் முன்பே ஓரளவு ஊகித்துவிடலாம்.

நான் வேலை முடிந்து இரவில் கொஞ்ச நேரம், விடுமுறையில் கொஞ்சம் கூடுதலாக ஆடுகிற ஆள். ரேங்க் ஏற வேண்டும் என்ற வெறி கிடையாது, கை வேகமும் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஹெல்டைவர்ஸ் 2-ஐ எடுத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரியில் வந்தது, புத்தம் புதிது என்று சொல்ல முடியாது. ஆனால் நான் இன்னும் விடவில்லை. நான்கு பேர் ஒரு கிரகத்தில் இறங்கி, ராட்சதப் பூச்சிகளையோ ரோபோக்களையோ சமாளித்து, கொடுத்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். உங்கள் தோட்டா கூட்டாளியையும் கொல்லும், அதை அணைத்து வைக்க வழியே இல்லை. கேட்டால் சண்டை மூட்டிவிடுகிற ஏற்பாடு போலத்தான் தெரியும். நடப்பது நேர்மாறு. செத்தவரை மற்றவர்களில் யாராவது ஒருவர் வானத்திலிருந்து திரும்ப இறக்கிவிடலாம். பொறுக்குகிற சாம்பிள்களை யார் எடுத்தாலும் நால்வர் கணக்கிலும் ஏறும். ஆகவே அடுத்தவரைச் சுட்டுத் தள்ளி யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. சாவு அங்கே பெரும்பாலும் சிரிப்பாகத்தான் முடியும்.

ஒருமுறை அணியில் இருந்த ஒருவர் குண்டுவீச்சுக்கான பந்தை எறிந்தார். அது எதிரே இருந்த பாறையில் பட்டுத் தெறித்து, எங்கள் காலடிக்கே உருண்டு வந்து சிவப்பாக ஒளிர ஆரம்பித்தது. ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். மூன்று பேர் காலி. தப்பித்தவர் எறிந்தவர் மட்டும். அவர் அவசர அவசரமாக எங்களைத் திரும்ப இறக்கினார். அதற்கு 'மேல், கீழ், வலது, இடது, மேல்' என்ற வரிசையில் பொத்தான்களைத் தட்ட வேண்டும். பின்னால் பூச்சி துரத்தும்போது தட்டிப் பாருங்கள், அப்போது தெரியும். நாங்கள் வந்து இறங்கியதும் ஒவ்வொருவராகப் பிடித்துக் கட்டிப்பிடிக்கிற சைகை செய்தார். ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்னொரு நல்ல விஷயம், காசு கொடுத்து வாங்கும் வார்பாண்டுகள் (ஆயுதம், உடை போன்றவை அடங்கிய தொகுப்புகள்) காலாவதி ஆவதில்லை. சீசன் முடிவதற்குள் முடித்தாக வேண்டும் என்று கழுத்தைப் பிடிக்கிற பேட்டில் பாஸ்களைப் பார்த்துச் சலித்தவனுக்கு இதுவே பெரிய நிம்மதி.

2025 மே மாதம் வந்த எல்டன் ரிங் நைட்ரெயின் வேறு வழியில் போகிறது. கேமுக்குள் குரல் பேச்சே கிடையாது. மூன்று பேர் அணி. வரைபடத்தில் குறி வைக்கலாம், சைகை காட்டலாம், அவ்வளவுதான். கதைக் கணக்கில் மூன்று நாள், நம் கணக்கில் முக்கால் மணி நேரம் போல. அதற்குள் ஓடி ஓடி ஆயுதம் சேர்த்துக் கடைசியில் ஒரு பெரிய பாஸை, அதாவது தலைமை எதிரியை, சந்திக்க வேண்டும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, விழுந்த கூட்டாளியை எழுப்புகிற முறை. பக்கத்தில் போய் ஆயுதத்தால் அவரையே அடிக்க வேண்டும்! திரும்பத் திரும்ப விழுந்தால் அடியும் கூடிக்கொண்டே போகும். பாஸ் ஒரு பக்கம் வாளைச் சுழற்ற, நீங்கள் இன்னொரு பக்கம் கீழே கிடக்கிறவரைச் சுத்தியலால் போட்டுத் தாக்கிக்கொண்டிருப்பீர்கள். அவர் எழுந்ததும் ஒரு குனிந்த வணக்கம் வைப்பார். மைக் இருந்திருந்தால் அதே இடத்தில் 'ஏன் இவ்வளவு நேரம்' என்று எரிந்து விழுந்திருப்பார் என்பது என் சந்தேகம்.

குறையும் உண்டு. நடுவில் ஒருவர் கிளம்பிப் போய்விட்டால் மிச்ச இருவர் பாடு திண்டாட்டம். ஆரம்பத்தில் தனியாகவோ மூவராகவோதான் ஆட முடிந்தது. இருவர் சேர்ந்து ஆட ஜூலை கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு நண்பர் உள்ளவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

ஆனால் சமீபத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஆர்க் ரெய்டர்ஸ்தான். ஸ்வீடனின் எம்பார்க் ஸ்டூடியோஸ் செய்தது, 2025 அக்டோபர் 30 அன்று வெளியானது. மனிதர்கள் நிலத்தடியில் வாழ்கிறார்கள். மேலே இயந்திரங்களின் ராஜ்யம். நீங்கள் மேலே போய் உதிரிப் பொருட்களைப் பொறுக்கிக்கொண்டு உயிரோடு திரும்ப வேண்டும். செத்தால் பத்திரப் பையில் வைத்ததைத் தவிர மற்றதெல்லாம் போச்சு. அதே இடத்தில் உங்களைப் போலவே மற்ற ஆட்டக்காரர்களும் சுற்றிக்கொண்டிருப்பார்கள். உங்களைக் கொன்றால் உங்கள் பை அவர்களுக்கு. மேலே சொன்ன லாப நஷ்டக் கணக்குப்படி பார்த்தால் இது நரகமாக இருக்க வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், பல இரவுகளில் அப்படி இல்லை.

ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். பை நிறைந்துவிட்டது, திரும்பிப் போக லிஃப்டை வரவழைத்தேன். அது வர நேரம் எடுக்கும், ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தமும் போடும். அதைக் கேட்டு இயந்திரமும் வரலாம், ஆளும் வரலாம். சுவருக்குப் பின்னால் காலடி கேட்டது. நான் குனிந்து துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கமிருந்து, கேமிலேயே உள்ள 'சுட வேண்டாம்' என்ற குரல் வந்தது. நானும் அதே பொத்தானை அழுத்தினேன். ஒருவர் மெல்ல வெளியே வந்தார், துப்பாக்கியை முதுகில் மாட்டியிருந்தார். அதற்குள் ஒரு ட்ரோன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டது. சேர்ந்து சுட்டு வீழ்த்தினோம். விழுந்ததைப் போய்ப் பொறுக்கச் சொல்லி எனக்கு வழிவிட்டார். லிஃப்டுக்குள் போன பிறகும் நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவரும் என்னை. கதவு மூடும்வரை எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இதற்கு நேர் எதிரானதும் நடந்திருக்கிறது. வழி முழுக்க மைக்கில் சிரித்துப் பேசிக்கொண்டே வந்த ஒருவர், லிஃப்ட் கதவு மூடப்போகிற நொடியில் முதுகில் சுட்டார். கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தச் சாத்தியம் இல்லாவிட்டால் முதலாமவரின் நல்ல குணத்துக்கும் மதிப்பிருக்காது. கொன்றே ஆக வேண்டும் என்று கேம் எங்கும் கட்டாயப்படுத்துவதில்லை. இயந்திரங்கள் போதுமான அளவுக்குப் பயங்கரமானவை. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி பேசலாம். இந்த மூன்றும் சேர்ந்து, சுடலாமா பேசலாமா என்ற முடிவை நம்மிடமே விட்டுவிடுகின்றன. தனியாகப் போனால் பெரும்பாலும் தனியாக வந்தவர்களோடுதான் சேர்த்துவிடுகிறது. அங்கேதான் இந்த நாகரிகத்தைப் பார்க்கிறேன். மூவராகப் போனால் கதை வேறு. பேச்சுக்கே இடமில்லை, பார்த்ததும் சுடுகிறார்கள்.

நண்பர்கள் வட்டம் இருந்தால் பீக் வாங்குங்கள். நான்கு பேர் ஒரு மலை ஏற வேண்டும். பசி, குளிர், காயம் எல்லாம் உங்கள் தெம்புப் பட்டையைத் தின்றுகொண்டே வரும். மேலே ஏறியவர் கை நீட்டினால் கீழே தொங்குகிறவரை இழுத்துவிடலாம். குரல் தூரத்துக்கேற்பக் குறையும் என்பதால், ஒருவர் வழுக்கி விழும்போது அவர் அலறல் அப்படியே தேய்ந்துகொண்டே போவதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது. மலையின் வழி நாளுக்கு ஒருமுறை மாறிவிடும்.

ரேங்க் உள்ள அணி கேம்கள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாலரண்ட், மார்வெல் ரைவல்ஸ் இரண்டும் நன்றாகச் செய்யப்பட்ட கேம்கள்தான். ஆனால் தோற்றால் எண் குறையும், பழி போட நான்கைந்து பேர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மேட்ச் தொடங்கியதும் குரலை மியூட் செய்துவிட்டு, இடத்தைக் குறியிட்டுக் காட்டும் வசதியை மட்டும் வைத்துக்கொள்கிறேன். எதிரி இங்கே, இந்த ஆயுதம் இங்கே என்று ஒரே பொத்தானில் காட்டும் முறையை 2019-ல் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் அழகாகச் செய்து காட்டியது. அதன் பிறகு மைக் இல்லாமல் ஆடுவது ஒரு குறையாகவே எனக்குத் தெரியவில்லை.

லேக், அதாவது இணையத் தாமதம், பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதி சண்டை அங்கேதான் தொடங்குகிறது. ஒளி கண்ணாடி இழைக்குள் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் 5000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர மட்டும் 50 மில்லிநொடி. எவ்வளவு வேகமான இணைப்பு வாங்கினாலும் இதற்குக் கீழே இறங்காது. ஆனால் தொல்லை, இந்தப் போய்வரும் நேரத்தைக் காட்டும் பிங் எண்ணில் இருப்பதைவிட அது தாவுவதில்தான் அதிகம். பஸ் தினமும் பத்து நிமிடம் தாமதம் என்றால் பழகிவிடும். இன்று ஒரு நிமிடம், நாளை அரை மணி என்றால்தான் பிழைப்பு கெடும். வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறினாலே பெரும்பாலும் இந்தத் தாவல் அடங்கிவிடும். ஆடும்போது வீட்டில் வேறு யாராவது பெரிய ஃபைலை அப்லோட் செய்கிறார்களா என்றும் பாருங்கள். ரவுட்டரில் வரிசை கட்டி நிற்கும் அந்தத் தரவுக்குப் பின்னால்தான் உங்கள் சின்னஞ்சிறு கட்டளையும் நிற்கும்.

'சுவருக்குப் பின்னால் போன பிறகும் செத்தேன், அவன் ஏமாற்றுகிறான்' என்று கத்துகிறவர்களில் பலர் ஏமாற்றுக்காரனைச் சந்தித்திருக்கவே மாட்டார்கள். சுட்டவரின் திரையில் நீங்கள் அந்த நொடி எங்கே தெரிந்தீர்களோ, அதுவரை சர்வர் காலத்தைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறது. அவர் திரையில் நீங்கள் இன்னும் வெளியேதான் நின்றிருந்தீர்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 போன்ற சண்டை கேம்களில் இன்னும் சுவாரசியம்: எதிராளி என்ன அழுத்துவார் என்று கேமே ஊகித்து ஓட்டும், ஊகம் தவறினால் சில ஃப்ரேம்கள் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) பின்னால் போய்த் திருத்தி மறுபடி ஓட்டும். ஒரு ஃப்ரேம் சுமார் 16.7 மில்லிநொடி என்பதால் பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ரோல்பேக் என்று சொல்வது இதைத்தான். இது இல்லாத சண்டை கேமை ஆன்லைனில் ஆட இனி எனக்குப் பொறுமை இல்லை.

தனியாக ஆடுகிற கேம்களில் கிளேர் ஆப்ஸ்கர்: எக்ஸ்பெடிஷன் 33 எனக்கு முதலிடம், 2025-ன் கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் விருதும் அதற்குத்தான். முறை வைத்துச் சண்டை போடுகிற வகைதான், ஆனால் எதிரி அடிக்கும்போது சரியான நேரத்தில் தட்டித் தடுக்க வேண்டும், அதனால் தூங்க முடியாது. மூன்றாம் பகுதியில், ஒரு அடியின் வலிமைக்கு இருந்த 9999 என்ற உச்சவரம்பு உடைந்ததும் எதிரிகள் ஒரே அடியில் சாய ஆரம்பிப்பது மட்டும் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. ஹாலோ நைட்: சில்க்சாங் அழகு, ஆனால் பல பாஸ்களிடம் தோற்றால் திரும்ப அங்கே போக நெடுந்தூரம் ஓட வைக்கிறது, எல்லாருக்கும் இல்லை. சீட்டாட்ட கேமான பலாட்ரோவைப் படுக்கப் போகும் முன் திறக்காதீர்கள், நிறுத்த முடியாது.

ஆன்லைன் கேமுக்குக் காசு போடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சோனியின் கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23-ல் வந்து செப்டம்பர் 6-ல் மூடப்பட்டது. அவர்களாவது பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். யூபிசாஃப்டின் தி க்ரூ 2014-ல் வந்தது, 2024 மார்ச் 31-ல் சர்வர் நின்றது. தனியாகக் கார் ஓட்டக்கூட சர்வர் வேண்டும் என்பதால் வட்டு கையில் இருந்தும் பயனில்லை. 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கிளம்பியது இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் மனுவுக்கு 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. நான் இப்போது புது ஆன்லைன் கேமை முதல் வாரத்தில் வாங்குவதில்லை. ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும்; அந்த 2 மணி நேரத்தை டுடோரியல் என்ற பயிற்சிப் பகுதியில் தொலைக்காமல் நேராக லாபிக்குப் போய்ப் பாருங்கள்.

முன்பின் தெரியாதவர்களே வேண்டாம், பழகிய ஒருவரோடு தொடங்கலாம் என்றால் ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷன். இரண்டு பேர் இல்லாமல் ஆடவே முடியாத கேம் அது, 2025 மார்ச்சில் வந்தது. ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் ஃப்ரெண்ட்ஸ் பாஸை இலவசமாக இறக்கிக்கொண்டு சேரலாம். ஒருவர் எக்ஸ்பாக்ஸிலும் மற்றவர் கணினியிலும் இருந்தாலும் பிரச்சினையில்லை, கேமை வெளியிட்ட ஈஏ நிறுவனத்தின் கணக்கு மட்டும் முன்கூட்டியே தொடங்கி வைத்துவிடுங்கள்.