மோட்டார் சுற்றுகிறது, அவர் சுற்றுகிறாரா?

கேள்வி: என் கணவருக்கு வயது 67. பக்கவாதம் வந்து 14 மாதமாகிறது. வலது கையும் காலும் பலவீனம். யாராவது பிடித்துக்கொண்டால் நாலு அடி நடப்பார். மகன் மோட்டார் வைத்த பெடல் கருவி வாங்கித் தந்திருக்கிறான். தினமும் ஒரு மணி நேரம் காலைக் கட்டி ஓடவிடுகிறோம், அவர் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார். சில சமயம் வலது கால் விறைத்துக்கொள்கிறது, பாதமும் நழுவிவிடுகிறது. இதனால் பலன் உண்டா? நடந்துவிடுவாரா?
- ஒரு வாசகி

பதில்: அம்மா, அவர் டி.வி. பார்க்கும்போது வலது தொடையில், முழங்காலுக்குச் சற்று மேலே, உங்கள் கையை வையுங்கள். பெடல் கீழே போகும்போது சதை இறுகுகிறதா? இறுகவில்லை என்றால் வேலை முழுவதையும் மோட்டார்தான் செய்கிறது. அதிலும் பலன் இருக்கிறது. மூட்டுகள் மடங்கி நீள்கின்றன, நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் வரும் கால் வீக்கம் கொஞ்சம் வடியும், விறைப்பு சிறிது நேரம் தளரும். ஆனால் சதைக்குப் பலம் வர அவரே மிதிக்க வேண்டும். 26 வருடமாக பிசியோதெரபி செய்கிறேன், இந்த ஒரு விஷயத்தைத்தான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் ஒரு மணி நேரத்தை விட்டுவிடுங்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், டி.வி.யை அணைத்துவிட்டு. முதல் இரண்டு நிமிடம் மோட்டார் மெதுவாகச் சுற்றட்டும். அப்புறம் வலது கால் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் "மிதிங்க" என்று சொல்லுங்கள். இரண்டு பெடலும் ஒரே தண்டில் இருப்பதால் இடது கால் தானே முந்திக்கொண்டு எல்லா வேலையையும் செய்துவிடும். இடையிடையே பத்துச் சுற்று இடது காலைத் தளர்வாக விட்டுவிட்டு வலதுகாலால் மட்டும் மிதிக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் உங்கள் கைக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். விடாதீர்கள். மிதிக்கும்போது அவரால் உங்களோடு பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

விறைப்புக்கு வருகிறேன். பக்கவாதம் வந்த கால், வேகமாக இழுத்தால் இன்னும் இறுகும். நிமிடத்துக்கு 20 சுற்று போதும், கருவியில் அதற்கும் குறைந்த வேகம் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். சிகிச்சை மையங்களில் இருக்கும் பெரிய கருவிகள் விறைப்பை உணர்ந்து தாமே நின்று, எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றும். வீட்டுக்கு வாங்கும் சிறிய கருவிகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. ஆகவே ரிமோட் எப்போதும் அவருடைய இடது கையில் இருக்கட்டும். கால் விறைத்தால் நிறுத்துங்கள், பாதத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், தளரும்வரை காத்திருங்கள். முன்பு இல்லாத அளவுக்குத் திடீரென்று விறைப்பு கூடினால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தோல் புண் என்று எதையாவது உடம்பு அதன்மூலம் சொல்லிக்கொண்டிருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாதம் நழுவுவதற்குப் பெரும்பாலும் செருப்போ வெறுங்காலோதான் காரணம். குதிகாலை மூடிப் பிடிக்கும் ஷூ போடுங்கள். முழங்கால் வெளிப்பக்கம் சாய்ந்தால் கெண்டைக்காலைத் தாங்கும் பிடிப்பு தேவைப்படும், துணியால் இறுக்கிக் கட்ட வேண்டாம். சக்கரம் இல்லாத, முதுகு சாயும் நாற்காலி நல்லது. வீல்சேர் என்றால் இரண்டு பிரேக்கும் போட்டிருக்க வேண்டும். பெடல் மிகத் தள்ளிப் போகும் இடத்திலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கும்படி தூரத்தை வையுங்கள். கருவி முன்னால் நகர்ந்தால் கீழே ரப்பர் விரிப்பு போடுங்கள்.

என் அப்பாவுக்கும் இப்படித்தான் ஒரு பக்கம் உணர்ச்சி குறைந்திருந்தது. ஒருநாள் காலுறை குதிகாலடியில் சுருண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பெடல் செய்து முடித்துக் கழற்றினால் பெரிய கொப்புளம். அவருக்கு வலிக்கவே இல்லை. அது ஆற மூன்று வாரத்துக்கு மேலானது, அதுவரை நிற்கும் பயிற்சியும் நின்றுபோனது. இத்தனைக்கும் இது என் தொழில். ஒவ்வொரு முறையும் ஷூவைக் கழற்றிக் குதிகால், விரலிடுக்கு, கணுக்கால் எலும்பு மூன்றையும் பாருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் கட்டாயம்.

ஒரு கால் மட்டும் புதிதாக வீங்கி, சூடாக, கெண்டைச் சதையில் வலியோடு இருந்தால் அன்று பெடலும் வேண்டாம், காலைத் தேய்த்துவிடவும் வேண்டாம். இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கூடவே மூச்சுத் திணறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்கு.

நடப்பாரா என்று கேட்டீர்கள். உட்கார்ந்து பெடல் செய்வதால் மட்டும் நடை வராது. உடம்பின் எடையைக் காலில் தாங்கி நிற்கப் பழகினால்தான் நடை. ஆனால் பெடல் முடித்த அடுத்த பத்து நிமிடம் கால் தளர்ந்திருக்கும், அந்த நேரம் பொன்னானது. பக்கத்தில் ஒருவர் நிற்க, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள், முதலில் ஐந்து முறை. இப்போதே நாலு அடி நடக்கிறார் அல்லவா? எனக்கு நம்பிக்கை இருக்கிறது. உங்கள் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை நேரில் பார்த்து வேகத்தையும் அளவையும் முடிவு செய்யட்டும்.

கேள்வி: எனக்கு பார்க்கின்சன் நோய். மோட்டாரை வேகமாக ஓடவிட்டால் நடுக்கம் குறையும் என்கிறார்களே?
- ஒரு வாசகர்

பதில்: இந்தப் பேச்சின் தொடக்கம் 2003. அமெரிக்க ஆய்வாளர் ஜே ஆல்பர்ட்ஸ், பார்க்கின்சன் உள்ள ஒரு பெண்ணோடு இருவர் ஓட்டும் சைக்கிளில் அயோவா மாநிலத்தைக் கடந்தார். வழியில் அந்தப் பெண்ணின் கையெழுத்து தெளிவானதைக் கவனித்தார். 2009-இல் அவருடைய குழு 10 பேரை வைத்து எட்டு வார ஆய்வை வெளியிட்டது. பயிற்சியாளரோடு சேர்ந்து, தங்கள் வழக்கமான வேகத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாக மிதித்தவர்களுக்கு நோய்க்குறிகள் குறைந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அவர்களும் மிதித்தார்கள், வெறுமனே இழுபடவில்லை. உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, மெதுவான வேகத்தில், நீங்களே மிதித்துத் தொடங்குங்கள். பாதத்தைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டுச் சட்டென்று எழாதீர்கள், இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு எழுந்திருங்கள்.