கொரோனா நேரத்துல ஸ்கூல் திறந்தப்போ டீச்சர்ஸ் ஏன் அவ்ளோ பயந்தாங்க?

காத்து வழியா பரவுறதுன்னா, ஒருத்தர் பேசும்போது வாயில இருந்து வர்ற கண்ணுக்குத் தெரியாத துளிங்க ரூமுக்குள்ளயே மிதக்கும், அதை அடுத்தவங்க மூச்சுல இழுத்துப்பாங்க. பூஜை ரூம்ல சாம்பிராணி போட்டா ஹால் வரைக்கும் மணக்குதுல்ல, அதே மாதிரிதான், ஜன்னல் சாத்தியிருந்தா இன்னும் மோசம். இதுல டீச்சர் நாள் பூரா சத்தமா பேசணும், ஒரு கிளாஸ் முடிஞ்சா அடுத்த கிளாஸ், வீட்டுல சுகர் இருக்கற அம்மா அப்பா வேற.

தமிழ்நாட்டுல 2021 ஜனவரி 19ல 10, 12ஆம் வகுப்பு திறந்தாங்க, கிளாஸுக்கு 25 பேர்னு வெச்சது நல்ல விஷயம்தான், ஆனா தடுப்பூசி மூணு நாள் முன்னாடிதான் ஆரம்பிச்சுது, அதுவும் முதல்ல சுகாதாரப் பணியாளர்களுக்கு.

"பசங்களுக்கு ஒண்ணும் ஆகாதே"ன்னு நிறைய பேர் கேட்டாங்க. பசங்களுக்கு பெரும்பாலும் லேசாதான் வரும், சரி, ஆனா அவங்ககிட்ட இருந்து 50 வயசு டீச்சருக்குத் தொத்தினா அவருக்கும் லேசா போயிடும்னு அர்த்தம் இல்ல.