சிங்கப்பூர் கப்பல் சுற்றுலாவுக்கு ஃபிலிம் கேமரா எடுத்துப்போகலாமா, டிஜிட்டலே போதுமா?

டிஜிட்டல். ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன். ஆனால் கேள்விக்குக் கீழே, "அப்பாவுடைய பழைய ஃபிலிம் கேமரா ஒன்று வீட்டில் இருக்கிறது, அதையும் கொண்டுபோக ஆசை" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை உட்கார்த்தி வைத்துவிட்டது. நான்கு இரவு, சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் கப்பல் என்கிறீர்கள். அதே வழியில் 2023 மே மாதம் நாங்களும் போனோம். நாங்கள் என்றால் அப்பா, அம்மா, நான், மனைவி, மகள். ஆறாவது ஆளாக பென்டாக்ஸ் கே1000 என்ற ஒரு ஃபிலிம் கேமரா.

ஃபிலிம் பிரியர்கள் இப்போதே சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் துணியைவிட நெகட்டிவ்தான் அதிகம். "இதெல்லாம் எதுக்கு, செல்போன் போதாதா" என்பவர்களும் கொஞ்சம் பொறுங்கள், உங்களிடமும் வருகிறேன்.

அந்தக் கேமரா பெரியப்பா கொண்டுவந்தது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் வேலை பார்த்தவர். 1983இல் ஊருக்கு வந்தபோது எம்.வி. சிதம்பரம் கப்பலில் வந்தார். சிங்கப்பூர், பினாங்கு, நாகப்பட்டினம், சென்னை என்று அந்தக் கப்பல் போய்வந்துகொண்டிருந்த காலம். நாகையில் கப்பல் கரைக்கு வராது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், தோணியில் இறங்கித்தான் கரைக்கு வர வேண்டும். டேப் ரெக்கார்டரை மடியிலும் கேமராவைச் சட்டைக்குள்ளும் வைத்துக்கொண்டு பெரியப்பா தோணியில் இறங்கிய கதையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் வளரவில்லை. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் கடலில் தீப்பிடித்து, பலர் இறந்துபோய், அந்தப் பயணமே நின்றுவிட்டது.

வரும் வழியில் பினாங்கில் கப்பல் நின்றபோது, குயின் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் யாரிடமோ கேமராவைக் கொடுத்து அவர் எடுத்துக்கொண்ட ஒரு படம் உண்டு. கட்டம் போட்ட சட்டை, கையில் குடை. நிறம் போய் முழுக்கச் சிவப்படித்துவிட்டது. அதே வாசலில், அதே கேமராவில், தன்னையும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பெரியப்பா இப்போது இல்லை. அப்பாவுக்கு அப்போது 76 வயது, கையில் லேசான நடுக்கம்.

ஆக, எங்களுக்கு ஃபிலிமா டிஜிட்டலா என்ற கேள்வியே எழவில்லை. இரண்டும் போனது. உங்களுக்கும் அப்படித்தான் முடியும் என்று நினைக்கிறேன், அதனால் செலவிலிருந்து ஆரம்பிக்கிறேன். கோடாக் கோல்டு 200, 36 படம், நான்கு ரோல் வாங்கினேன். ஒன்று 1,100 ரூபாய். கழுவி ஸ்கேன் செய்ய ரோலுக்கு 400. ஒரு க்ளிக்குக்கு ஏறக்குறைய 42 ரூபாய். இதை அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. அதற்கப்புறம் அம்மா ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் "நாப்பத்திரெண்டு ரூவா போச்சு" என்றார்.

அடுத்தது எக்ஸ்ரே. விமான நிலையத்தில் ஒப்படைக்கிற லக்கேஜில் ஃபிலிமைப் போடவே கூடாது, அங்கே உள்ள எக்ஸ்ரேயின் வேகம் ஃபிலிமைப் புகை படிந்த மாதிரி ஆக்கிவிடும். கைப்பையில் வைத்தாலும், இப்போது பல விமான நிலையங்களில் வந்துவிட்ட, பையைச் சுற்றிச் சுற்றி எக்ஸ்ரே எடுக்கும் சி.டி. ஸ்கேனர் அதே வேலையைச் செய்யும். கோடாக்கே அதில் ஃபிலிமை விட வேண்டாம் என்கிறது. ரோல்களைப் பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து எடுத்து, உள்ளே தெரிகிற மாதிரி ஒரு ஜிப் கவரில் போட்டு, "கையால் பார்த்துவிடுங்கள்" என்று கேளுங்கள். நான் கேட்ட ஓர் இடத்தில் அந்தப் பையன் ஒரு ரோலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன சார்?" என்றான். பிறந்ததிலிருந்து பார்த்ததில்லையாம்.

கப்பலில் போகிறவர்கள் மறந்துவிடுவது ஒன்று உண்டு. கப்பலிலும் எக்ஸ்ரே இருக்கிறது. ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கிவிட்டுத் திரும்ப ஏறும்போது பை அதற்குள் போகும். சென்னை, சிங்கப்பூர் கப்பல் முனையம், பினாங்கு, புக்கெட், திரும்பும்போது சிங்கப்பூர் விமான நிலையம் என்று ஐந்து முறை. எனவே மிச்ச ரோல்களை அறையின் லாக்கரிலேயே வைத்துவிட்டு, கேமராவுக்குள் இருப்பதை மட்டும் கரைக்குக் கொண்டுபோங்கள்.

லென்ஸில் ஆவி படியும் பிரச்சினை இரண்டு வகைக் கேமராவுக்கும் பொது. அறைக்குள் ஏசி நடுக்குகிறது. வெளியே மேல்தளத்தில் வேர்த்துக் கொட்டும் கடற்காற்று. முதல் நாள் சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போது, நீரிணை முழுக்க நூற்றுக்கணக்கான சரக்குக் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. அங்கே சூரியன் மறைய ஏழு மணி ஆகும், வெளிச்சம் பொன்னாக இருந்தது. கேமராவைத் தூக்கினால் ஃபில்டர் காப்பி ஆவியில் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்கிற மாதிரி லென்ஸ் முழுக்க வெள்ளை. துடைத்தால் மறுபடி வருகிறது. கால் மணி நேரம் ஆனது தெளிய. மறுநாளிலிருந்து, வெளியே போவதற்கு அரை மணி முன்பே கேமராவைக் காற்றுப் புகாத கவரில் போட்டு பால்கனியில் வைத்துவிட்டேன். கவருக்குள்ளேயே சூடேறட்டும், அப்புறம் திறந்தால் போதும். லென்ஸுக்கு முன்னால் ஒரு யூ.வி. ஃபில்டர் இருக்கட்டும். உப்புக் காற்று அதில் படியட்டும், லென்ஸில் வேண்டாம்.

கப்பலுக்குள் எடுக்கும் படங்களுக்கு ஃபிலிமை மறந்துவிடுங்கள். அந்த 200 என்பது ஐ.எஸ்.ஓ., அதாவது வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு. 200 ஃபிலிம் வெயிலில் ராஜா. சாப்பாட்டுக் கூடத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் ஷட்டரை 1/30 நொடியைவிட அதிக நேரம் திறந்து வைக்க வேண்டிவரும், கை ஆடும். ட்ரைபாட் வைத்தாலும் கப்பலே அதிரும். டிஜிட்டலில் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஃபிலிமில் அந்த ரோல் முடியும்வரை அந்த 200தான்.

இனி நான் சொல்ல விரும்பாத பகுதி.

பினாங்கில் இறங்குகிற காலை. முதல் ரோல் முந்தின நாளே முடிந்துவிட்டது, புது ரோல் போட வேண்டும். அம்மா ஒரு பக்கம் செருப்பைத் தேடுகிறார், மகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். கே1000இல் ரோலை இடப்பக்கக் குழியில் வைத்து, ஃபிலிமின் நாக்கை இழுத்து, வலப்பக்க உருளையில் உள்ள பிளவில் சொருக வேண்டும். சொருகினேன். மூடினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா, "குமிழ் சுத்துதா பாத்தியாடா?" என்றார். ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது, இடப்பக்கம் மேலே உள்ள, ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் ரீவைண்டு குமிழும் கூடவே சுழல வேண்டும். சுழன்றால்தான் ஃபிலிம் நகர்கிறது என்று அர்த்தம். எனக்கு வயது 48. "அதெல்லாம் எனக்குத் தெரியும்ப்பா, வாங்க, நேரமாச்சு" என்றேன்.

கப்பல் நிற்கிற சுவெட்டன்ஹாம் இறங்குதுறையிலிருந்து ஜார்ஜ்டவுன் நடக்கிற தூரம்தான். குட்டி இந்தியாவுக்குள் நுழைந்ததும் மல்லிகைப்பூ வாசனை, தமிழ்ப் பாட்டு. 1833இல் கட்டிய அந்த மாரியம்மன் கோயில் வாசலில், பெரியப்பா படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டு, எந்தத் தூணுக்குப் பக்கத்தில் அவர் நின்றார் என்று பத்து நிமிடம் ஆராய்ச்சி. அப்பா குடைகூடக் கொண்டுவந்திருந்தார். வெளிச்சம் அளந்து, ஃபோகஸ் வைத்து, ஆறு படம் எடுத்தேன். அப்பாவைத் தனியாக இரண்டு, அம்மாவோடு இரண்டு, எல்லாரையும் சேர்த்து இரண்டு. அப்புறம் தெருவெல்லாம் எடுத்தேன்.

கப்பலுக்குத் திரும்பியபோது எண் காட்டும் வட்டம் 36ஐத் தொட்டது. ரோல் முடிந்தால் லீவர் இறுகி நின்றுவிடும். நிற்கவில்லை. இன்னொரு முறை தள்ளினேன். வெண்ணெயில் போகிற மாதிரி போனது. வயிற்றில் ஏதோ புரண்டது. அடியில் உள்ள பொத்தானை அழுத்திவிட்டு ரீவைண்டு கைப்பிடியைச் சுற்றினால் எந்த இறுக்கமும் இல்லை, வெறும் கிணற்றில் ராட்டினம் சுற்றுகிற மாதிரி. முதுகைத் திறந்தேன். ஃபிலிமின் நாக்கு ரோலின் வாயில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது காலையிலிருந்து அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. எண் வட்டத்துக்கு ஃபிலிம் நகர்கிறதா என்ற கவலை கிடையாது, லீவர் தள்ளினால் எண் ஏறும்.

அப்பாவிடம் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. அவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். அப்புறம், "அப்போ ஒரு ஃபிலிம் மிச்சம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

டிஜிட்டலில் இப்படி நடக்காதே என்பீர்கள். அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். என் தங்கை கல்யாணம் 2007இல். எங்கள் ஊரில் அப்போதுதான் டிஜிட்டல் வந்த புதிது, "ஃபிலிமெல்லாம் பழசு சார்" என்று சொல்லி அந்தப் போட்டோகிராபர் மூன்று சி.டி.யும், கம்ப்யூட்டரில் பின்னணி சேர்த்து அச்சடிக்கும் ஒரு கரிஷ்மா ஆல்பமும் கொடுத்தார். முழுப் பணமும் கைக்கு வந்த பிறகுதான் கொடுத்தார், அது வேறு. ஆல்பத்தில் என் அம்மா வருவது இரண்டே படம். மாப்பிள்ளையும் பொண்ணும் நிலாவுக்குள் உட்கார்ந்திருப்பது எட்டுப் படம். பத்து வருடம் கழித்து சி.டி.யைப் போட்டால் மூன்றில் ஒன்றும் திறக்கவில்லை. போய்க் கேட்டால், "ஹார்டு டிஸ்க் கரப்ட் ஆயிடுச்சு சார், விட்டுட்டேன்" என்றார் சிரித்துக்கொண்டே. என் பெற்றோர் கல்யாண நெகட்டிவில் இன்றைக்கும் பிரிண்ட் போடலாம். நிலாவுக்குள் உட்கார்ந்த ஜோடிக்கு அந்த ஆல்பத்தைத் தவிர எதுவும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். மெமரி கார்டை மட்டும் நம்ப வேண்டாம், தினமும் ராத்திரி செல்போனுக்கோ லேப்டாப்புக்கோ ஒரு நகல் எடுத்துவிடுங்கள். கப்பலின் வைஃபை விலைக்கு எல்லாவற்றையும் இணையத்தில் கிளவுடில் ஏற்றலாம் என்று கனவு காணாதீர்கள்.

செல்போன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம். உச்சி வெயிலில் மேல்தளத்தில் நின்றால் செல்போன் திரையில் உங்கள் முகம்தான் தெரியும், எடுக்கிற படம் தெரியாது. தூரத்தில் போகும் கப்பலையோ தீவையோ ஜூம் செய்தால் படம் பிசைந்த மாவாக வரும். கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரும் நல்ல ஜூமும் உள்ள ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா இருந்தால் போதும். நான் கொண்டுபோனது செகண்ட் ஹேண்டில் வாங்கியதுதான். சாப்பாடு, பிள்ளைகள் கூத்து, பாட்டுக் கச்சேரிக்கெல்லாம் செல்போனே தாராளம்.

அப்பாவின் கேமராவையும் எடுத்துப்போங்கள், இரண்டு ரோலுக்கு மேல் வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு ரோலை ஊரிலேயே எடுத்துக் கழுவிப் பாருங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்த ஷட்டர் ஒட்டிக்கொண்டிருக்கலாம், பின்கதவில் உள்ள பஞ்சு உதிர்ந்து வெளிச்சம் கசியலாம். உங்களுடையதும் கே1000 என்றால் லென்ஸ் மூடியைப் போட்டே வையுங்கள், அதில் வெளிச்சம் அளக்கும் மீட்டரை அணைக்க சுவிட்சே கிடையாது, மூடாவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடும். முக்கியமாக, அப்பா இருந்தால் ரோலை அவரைப் போடச் சொல்லுங்கள்.

புக்கெட்டில் என் அப்பாதான் போட்டார். மிச்சமான அதே ரோல். கை நடுக்கத்தோடு நாக்கைச் சொருக நான்கைந்து நிமிடம் ஆனது, நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே பெரிய கப்பல் கரைக்குப் போகாது; பட்டோங் விரிகுடாவில் நின்றுகொண்டு சின்னப் படகில் ஆட்களை இறக்குவார்கள். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு படகையே பார்த்தார். "உங்க பெரியப்பா எறங்குனது இப்படித்தான்" என்றார். அந்த 36இல் 31 படம் தேறியது. அதில் பதினேழு அந்தப் படகுதான்.

மாரியம்மன் கோயில் படம்? அது என் மகளின் செல்போனில் இருந்தது. நான் எடுத்துக்கொண்டிருந்தபோது ஓரமாக நின்று அவளும் ஒன்று தட்டியிருக்கிறாள். அதைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பெரியப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். துல்லியமான படம், குடையின் கம்பிகூடத் தெரிகிறது. ஆனால் அப்பா, அம்மா, என் மனைவி என மூன்று பேரும் வேறு பக்கம் பார்த்துச் சிரிக்கிறார்கள், நான் வெறும் கேமராவோடு நின்ற பக்கம். வீட்டுக்கு வருகிறவர்கள், "எங்க பாக்குறீங்க எல்லாரும்?" என்று கேட்டால், "அந்தப் பக்கம் ஏதோ சாமி ஊர்வலம் போச்சு" என்று அப்பா சொல்லிவிடுகிறார்.