பள்ளி வாசலில் ஓர் எழுத்து: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஆண்டுதோறும் ஏ, பி, சி, டி, எஃப் என்று அரசே தரம் போட்டு வெளியிடுகிறது. அங்கே இருக்கும் என் மைத்துனர் அதைப் பார்த்துத்தான் வீடே எடுத்தார். என் மகள் இங்கே நான்காம் வகுப்பு. ஒரு பத்தியைத் திக்காமல் படிக்க வரவில்லை. பள்ளியில் கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. நம் நீலகிரியிலும் பள்ளி வாசலில் அப்படி ஓர் எழுத்தை மாட்டினால் ஆசிரியர்களுக்குப் பொறுப்பு வருமே? இதை ஆதரித்து நீங்கள் ஏன் எழுதுவதில்லை?

வாசகர், பந்தலூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் நியாயமானது. நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் படிக்க வரவில்லை என்றால் பெற்றவர் கேட்கத்தான் வேண்டும். கேட்பவரை வாசலோடு திருப்பி அனுப்பும் பள்ளிக்காக நான் வாதாட மாட்டேன். ஆனாலும் அந்த எழுத்து வேண்டாம் என்றே சொல்வேன்.

ஃபுளோரிடா இதை 1999இல் தொடங்கியது. பலனே இல்லை என்று சொல்ல முடியாது. எஃப் வாங்கிய பள்ளிகளில் பிறகு தேர்வு மதிப்பெண் கூடியதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மிகவும் பின்தங்கிய கால்பங்கு மாணவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதையும் அங்கே கணக்கில் சேர்க்கிறார்கள். அது நல்ல யோசனை. ஆனால் அதே மாநிலத்தில் தேர்வு நெருங்கும் நாட்களில், ஒரே தவறுக்கு, நன்றாகப் படிக்கிற பிள்ளையைவிடப் படிப்பில் பின்தங்கிய பிள்ளையைக் கூடுதல் நாட்கள் பள்ளிக்கு வரவிடாமல் வெளியே நிறுத்தியதும் ஆய்வில் தெரியவந்தது. நல்ல எழுத்து கிடைத்த பள்ளியைச் சுற்றி வீட்டு விலையும் ஏறியது. உங்கள் மைத்துனரால் அங்கே வீடு எடுக்க முடிந்தது. முடியாதவர்களின் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்? நியூயார்க் நகரம் 2007இல் கொண்டுவந்த எழுத்துத் தரத்தை 2014இல் கைவிட்டுவிட்டது.

பிள்ளையை வெளியே நிறுத்தும் வித்தை நமக்கும் தெரியும். ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று பேனர் கட்டும் ஆசையில் ஒன்பதாம் வகுப்போடு எத்தனை பேரைக் கழித்துக்கட்டுகிறார்கள் என்று பாருங்கள். தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து வந்த ஒரு தாயிடம், “பையனைத் தனித்தேர்வராக எழுத வையுங்கள், இங்கே இருந்தால் எங்கள் ரிசல்ட் போய்விடும்” என்று சொல்லி டி.சி.யைக் கையில் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கொழுந்து பறித்துக் கறுத்துப்போன விரல்களால் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. 2017இல் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாடு நிறுத்தியதை மனமார வரவேற்றவள் நான். பிள்ளைகளின் தலையிலிருந்து இறக்கிய பாரத்தைப் பள்ளிகளின் தலையில் ஏற்றினால், அது கடைசியில் பிள்ளைகள் தலையில்தான் வந்து விழும்.

நம் மலைப் பள்ளிகள் சிறியவை என்பதையும் நினைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் 12 பேர் இருக்கும் பள்ளியில் ஒருவர் தவறினால் தேர்ச்சி 92 சதவீதம். இருவர் தவறினால் 83. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பள்ளியின் எழுத்து மாறிவிடும்.

தொடக்கப் பள்ளி நிலைமை இன்னும் மோசம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். வகுப்போ ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால், மற்றவர் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்தும் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னமும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பணியர் பழங்குடி வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியர் பேசும் தமிழே புதிது. தேவாலா பக்கம் ஜூலை மழையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதையில் யானை நின்றாலோ பிள்ளைகளை ஏற்றிவரும் ஜீப் வராவிட்டாலோ வகுப்பில் பாதிப் பேர் இல்லை. இத்தனையையும் சேர்த்து ஒரு எஃப் போட்டால் அது யாருக்கு? காலிப் பணியிடத்தை நிரப்ப வேண்டியவர் சென்னையில் இருக்கிறார். வாகனத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டியவர் ஊட்டியில் இருக்கிறார். எழுத்து மட்டும் உங்கள் ஊர்ச் சுவரில் தொங்கும். அதைப் பார்த்து, கையில் நாலு காசு இருப்பவர்கள் பிள்ளைகளை மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றுவார்கள். சேர்க்கை குறையும். சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் ‘உபரி’ என்று இன்னொரு பள்ளிக்குப் போய்விடும்.

ஆசிரியர்கள் பதில் சொல்ல வேண்டாமா என்றால், கட்டாயம் சொல்ல வேண்டும். அதற்கு உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழு. அதே 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும் அரசு தரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. பல ஊர்களில் கையெழுத்து வாங்குவதோடு கூட்டத்தை முடித்துக்கொள்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் உங்கள் மனைவியும் போங்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் படிக்க வருகிறது, வராதவர்களுக்குத் தினமும் எந்த நேரத்தில் யார் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். போன மாதம் ஆசிரியர் வேறு வேலைக்குப் போன நாட்கள் எத்தனை, ஜீப் ஓடாத நாட்கள் எத்தனை என்றும் கேளுங்கள். பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, மேலே போக வேண்டியதை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள். மறுமாதம் அதே பக்கத்தைத் திறந்துவைத்து மறுபடியும் கேளுங்கள். உங்கள் மகள் எப்படிப் படிக்கிறாள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா, கோத்தகிரி