இலங்கையில் விவாகரத்து வழக்கில் மனைவிக்கு எவ்வளவு தாபரிப்பு (வாழ்க்கைச் செலவுக்கான பணம்) என்று நீதிமன்றம் எப்படி முடிவெடுக்கிறது? சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கட்டாயம் கிடைக்குமா?

கிடைக்காது. அப்படியொரு பங்குக் கணக்கு தாபரிப்புச் சட்டத்தில் இல்லை. நான் சட்டத்தரணி அல்ல. தங்கச்சியோடு திருகோணமலை நீதிமன்றத்துக்குத் தவணை தவணையாக அலைந்தவள். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், விவாகரத்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு வழக்கைத் தனியாகப் போடலாம். அங்கே பார்ப்பது: கணவரிடம் கொடுக்கும் வசதி இருந்தும் கவனிக்காமல் விட்டாரா, மனைவியால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியுமா, இரண்டு பேரின் நிலைமையும் என்ன. (வருமானமில்லாத கணவனும் மனைவியிடம் கேட்கலாம். எங்கள் பெரியப்பாவுக்கு இதைச் சொன்னபோது சிரித்தேவிட்டார்.)

மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத் துண்டோடு கதை முடியும். தங்கச்சியின் கணவருக்கோ சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. அவர் காட்டிய கணக்கெல்லாம் மார்கழி, தை மாதத்துக் கணக்கு. வாடைக் காலத்தில் இந்தப் பக்கம் கடல் கொந்தளித்து மீன்பிடி குறைவு என்று உங்களுக்குத் தெரியும்தானே! நல்லவேளை, மீன் வாங்கும் முதலாளி எழுதிக் கொடுத்த துண்டுகளைத் தங்கச்சி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள். உப்பு ஈரத்தில் மை கலைந்த துண்டுகள். ஆனால் ஆனி, ஆடி மாதத்துப் பாரையும் சூரையும் எத்தனை கிலோ என்று வாசிக்க முடிந்தது. அதற்குப் பிறகுதான் "வருமானமே இல்லை" என்ற பேச்சு நின்றது.

அவளையும் விடவில்லை. தையல் மெஷின் இருக்கிறதா, ஒரு சட்டைக்கு என்ன கூலி, மாதம் எத்தனை சட்டை என்று கேட்டார்கள். மறைக்காமல் சொன்னாள். அதையும் கழித்துப் பார்த்துத்தான் தொகை வந்தது. பிள்ளைகளுக்கானது வேறு கணக்கு.

விவாகரத்து வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும். வழக்கு முடியும்வரை இடைக்காலப் பணம் கேட்கலாம். தீர்ப்பின்போது மொத்தத் தொகையாகவோ மாதாமாதமோ கட்டச் சொல்லலாம், சொத்தை எழுதிக் கொடுக்கவும் சொல்லலாம். நிலைமை மாறினால் அந்தக் கட்டளையைப் பிறகு மாற்றவும் வழி உண்டு. முஸ்லிம் திருமணம் என்றால் காதி நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

இன்னொன்று. பிரச்சினை முற்றியதும் சொந்தக்காரர் நாலு பேர் கூடி, "இருவரும் விரும்பியே பிரிந்து வாழ்கிறோம்" என்று ஒரு கடதாசி எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். எங்கள் வீட்டு விறாந்தையிலும் கேட்டார்கள். பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்பவருக்கு நீதவான் தாபரிப்புக் கட்டளை போட முடியாது. யாரிடமாவது காட்டிக் கேட்காமல் அதில் பேனா வைக்காதீர்கள்.