துருவைப் படித்தால் வேலை கிடைக்குமா? கவலைப்படும் ஒரு தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

தங்கள் மகள் கணினி அறிவியலை விட்டுவிட்டுக் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் படிக்க விரும்புகிறார் என்றும், அரிப்புத் தடுப்பில், குறிப்பாகக் குழாய்களின் உட்பூச்சில் அவருக்கு நாட்டம் இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். "துருவைப் படித்து யார் வேலை கொடுப்பார்கள்?" என்று உறவினர்கள் கேட்பது தங்களை உறுத்துவதும் கடிதத்தில் தெரிகிறது. அந்தக் கேள்விக்கே முதலில் வருகிறேன்.

வீராணம் ஏரி நீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய்களில் பயணம் செய்து 2004 முதல் சென்னைக்கு வந்துகொண்டிருக்கிறது. இப்படி நீர், எண்ணெய், சாம்பல் குழம்பு என எதைக் கொண்டுசெல்லும் எஃகுக் குழாயும் வெளியிலிருந்து மட்டுமல்லாமல் உள்ளிருந்தும் அரிக்கப்படுகிறது. குடிநீர்க் குழாய்க்குச் சிமெண்ட் கலவை பூசுகிறார்கள். குழாயை வேகமாகச் சுழற்றும்போது கலவை சுவரோடு அழுந்திப் படிகிறது. அது வெறும் மறைப்பு மட்டுமன்று. சிமெண்டின் காரத்தன்மை பி.எச். 12க்கு மேல் இருப்பதால் எஃகின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகித் துருவைத் தடுத்து நிறுத்துகிறது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாயில் பிரச்சினை வேறு: அங்கே துருவைவிடத் தேய்மானமே எதிரி என்பதால், வளைவுகளில் பாசால்ட் என்ற எரிமலைப் பாறையை உருக்கி வார்த்த கல்லைப் பதிக்கிறார்கள், சில இடங்களில் ரப்பர் ஒட்டுகிறார்கள். எப்பாக்ஸி என்ற பிசினின் தூள் பூச்சுக்குக் குழாயை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கித் தூளைத் தூவ, அது உருகி இறுகிவிடும். எந்தக் குழாய்க்கு எது பொருந்தும் என்று தீர்மானிப்பதற்கு வேதியியல், உலோகவியல், பாலிமர் ஆகிய மூன்றும் தெரிந்தவர்கள் வேண்டும். அவர்கள் எண்ணிக்கையில் குறைவு.

ஆனால் இது மேசை வேலை மட்டுமே என்று எண்ணி மகளை அனுப்பிவிடாதீர்கள். பூச்சின் ஆயுளில் பெரும்பகுதி, பூசுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எஃகுக் குருணைகளை வீசித் துருவை அகற்றிய பரப்பு, கடலோரக் காற்றில் சில மணி நேரத்திலேயே மீண்டும் துருப்பிடிக்கத் தொடங்கும். எஃகின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். அதன்மேல் பூசியது பின்னால் கொப்புளமாகும். என்னிடம் ஆலோசனை பெற்றுச் சென்ற இளைஞர் ஒருவர், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில், விடியற்காலை மூன்று மணிக்கு இந்த அளவைப் பார்த்துவிட்டுப் பூச்சை நிறுத்தச் சொல்ல, ஒப்பந்ததாரர் எல்லோர் முன்னிலையிலும் ஏசியிருக்கிறார். ஆனாலும் அந்த இளைஞர் கையெழுத்துப் போடவில்லை. தங்கள் மகளுக்கு அந்த உறுதி உண்டா என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது, தாங்கள்தான் அறிவீர்கள்.

பெண் பிள்ளைக்குக் களப்பணி சரிவருமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஊருக்கு வெளியே உள்ள குழாய்த் தொழிற்கூடங்களில் இரவுப் பணி உண்டு, தூசி உண்டு. குழாய்க்குள் இறங்குவதற்கு முன் பிராணவாயு அளவைச் சோதிக்காத இடத்தில் ஆண், பெண் யாருமே வேலை செய்யக் கூடாது. பூச்சுப் பொருள் உருவாக்கம், பழுதான குழாயை ஆய்வுக்கூடத்தில் சோதித்துக் காரணம் கண்டறிதல், வடிவமைப்பு ஆலோசனை ஆகியவை அதே படிப்பின் வேறு வாசல்கள். தொடக்கச் சம்பளம் மென்பொருள் துறையைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அனுபவம் ஏறினால்தான் மதிப்பு ஏறும் துறை இது.

சிக்ரியில் இடம் கிடைக்காவிட்டால், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் தொழில்நுட்பம், அல்லது ஏதேனும் நல்ல கல்லூரியில் உலோகவியல் படித்தும் இந்தத் துறைக்கு வரலாம். பூச்சு ஆய்வாளர் சான்றிதழைப் பன்னாட்டு அளவில் ஆம்ப் (AMPP) என்ற அமைப்பு வழங்குகிறது, நேஸ், எஸ்.எஸ்.பி.சி. என்ற இரண்டு பழைய சங்கங்கள் 2021இல் இணைந்து உருவானது அது. வளைகுடா வேலைக்கு அந்தச் சான்றிதழ் உதவும். ஆனால் படிக்கும்போதே அதற்குப் பணம் கட்டச் சொல்லும் முகவர்களை நம்ப வேண்டாம். களத்தில் ஓரிரு ஆண்டு நின்ற பிறகு எழுதினால்தான் அது பயன் தரும்.

கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலைப் பூர்த்தி செய்யும் முன் ஒன்று செய்யுங்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காகச் சாலையோரம் எஃகுக் குழாய்களை அடுக்கியிருக்கும் இடத்துக்கு அவரை ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். குழாயின் வாயருகே உட்பூச்சு விளிம்பு வரை வராமல் சற்று முன்பே நின்றிருக்கும். இரண்டு குழாய்களைப் பற்றவைப்பதற்காக விட்ட இடம் அது. பிறகு களத்தில் கையால் பூசப்படுவதால் பழுது தொடங்க வாய்ப்பு அதிகமுள்ள இடமும் அதுதான். தாங்கள் எதுவும் சொல்லாமல் நில்லுங்கள். "ஏன் இங்கே மட்டும் விட்டிருக்கிறார்கள்?" என்று அவராகக் கேட்டால், அந்தப் படிப்பைப் பட்டியலில் முதலில் வையுங்கள்.