பெயர் வேறு, மருந்து ஒன்று

கேள்வி: காய்ச்சலுக்காக 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையை நாளுக்கு நான்கு வேளை எடுத்து வருகிறேன். மூக்கடைப்பும் சேர்ந்துகொண்டதால், மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கும் சளி மாத்திரை ஒன்றையும் வாங்கியிருக்கிறேன். இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்புகள். சேர்த்துச் சாப்பிடலாமா?

பதில்: சளி மாத்திரையின் அட்டையைத் திருப்பி, உட்பொருள்கள் அச்சிடப்பட்டுள்ள சிறிய எழுத்துகளைப் படித்த பிறகே இதை முடிவு செய்ய வேண்டும். பல சளி மாத்திரைகளில் பாராசிட்டமாலும் கலந்திருக்கிறது; சில நாடுகளில் அதையே அசெட்டமினோஃபென் என்று அச்சிடுகிறார்கள். நீங்கள் வாங்கியதில் அது 500 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் மாத்திரையால் நாளுக்கு 2,600, சளி மாத்திரையையும் நான்கு வேளை போட்டால் 2,000, ஆக மொத்தம் 4,600 மில்லிகிராம் ஆகிவிடும். உடல்நலமுள்ள பெரியவர்களுக்கே 24 மணி நேரத்துக்கு 4,000 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், தொடர்ந்து மது அருந்துபவர்களுக்கும், உடல் எடை மிகக் குறைந்தவர்களுக்கும் அந்த வரம்பு இன்னும் கீழே இறங்கும். வணிகப் பெயரைப் பெரிதாகவும் உட்பொருளைக் கண்ணுக்கு எட்டாத அளவிலும் அச்சிடும் வழக்கம் இருக்கும்வரை, இந்தக் கூட்டலை வாங்குபவர்தான் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அளவு மீறினால் பாதிக்கப்படுவது கல்லீரல். முதல் நாளில் குமட்டலைத் தவிர வேறொன்றும் தெரியாமலே போகலாம் என்பதால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருப்பது ஆபத்து. இதற்கான மாற்று மருந்து, அளவுக்கு மீறி விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால்தான் மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. வரம்பு மீறியிருக்குமோ என்ற ஐயம் வந்தாலே, மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.

உங்கள் தொல்லை மூக்கடைப்பு மட்டும்தான் என்றால், கூட்டு மாத்திரைக்குப் பணம் செலவழிக்கும் தேவையே எனக்குத் தெரியவில்லை. அவற்றில் பெரும்பாலும் சேர்க்கப்படும் ஃபீனைல்எஃப்ரின், வாய்வழியாக வழக்கமான அளவில் உட்கொள்ளும்போது மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாகக் கூறியது. மூக்கில் விடும் சொட்டு மருந்து பலன் தரும். ஆனால் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால் அதுவே அடைப்பைத் திரும்பக் கொண்டுவரும்.

கேள்வி: என் தாயாருக்கு இரத்த அழுத்தம் உண்டு. மூட்டுவலிக்கு இபுப்ரோஃபென் வாங்கித் தரலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இபுப்ரோஃபென் இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடும். இரைப்பையில் புண்ணையும் இரத்தக்கசிவையும் உண்டாக்கக்கூடும். அழுத்தத்துக்கான சில மாத்திரைகளோடு சேரும்போது சிறுநீரகத்துக்கும் சுமை ஏறும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவராக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். அவர் அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள்; ‘பிரஷர் மாத்திரை’ என்று பொதுவாகச் சொன்னால் அவர்களால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.